நொய்யலுக்கு ஒரு மோட்டார் படகு

பனியன் ஏற்றுமதி செய்யும் திருப்பூர் நண்பரொருவர், கேரளக் காயலில் ஆயுளைக் கழித்துவிட்ட மோட்டார் படகொன்றை வாங்கி வந்து, அதன் ஜீர்ணோத்தாரணத்தில் முனைந்திருக்கிறார். உளுத்துப்போன பின்பலகையை அறுத்தெறிந்து, கண்ணாடியிழையும் ரெசினும் பூசி, பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து குடித்துப் புகை கக்கிய டூ ஸ்ட்ரோக் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினைப் பிரதிஷ்டையும் செய்தாகிவிட்டது. கிரீஸைத் துடைக்கும் பனியன் வேஸ்ட்டுக்கோ இவ்வூரில் பஞ்சமில்லை.

பஞ்சமெல்லாம் ஜலத்துக்குத்தான். வெள்ளியங்கிரி மலையில் ஸ்படிகம்போல் புறப்பட்டு, நமது நகரத்தில் சாயக்கழிவால் வர்ண விசித்திரம் பெற்று, பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையைச் சாயத்தொட்டியாக்கி, 2011இல் சாயப்பட்டறைகளையே மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குக் கீர்த்தி எய்திய நதியல்லவா நொய்யல்! (கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி உபயோகிக்கும் ஏற்பாட்டோடு பட்டறைகள் பிற்பாடு திறந்தன என்பதையும் நியாயம் கருதிச் சொல்லிவிடுகிறேன்.)

படகுக்கு என்ன வர்ணம் பூசலாமென்று நண்பர் அபிப்பிராயம் கேட்டார்.

"வெள்ளையாவே இருக்கட்டுங்க, மிச்சத்த ஆறு பார்த்துக்கும்" என்றேன்.

படகு இப்போது அவருடைய கோடவுனில், கட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதற்குள் பீஸ் மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன.