பிலிம் ஒட்டலாமா, அப்பா?

சோழவரத்துக்குக் கார் கொண்டுவந்தவர்கள் யாரும் பெயிண்டைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. கவலைப்பட வேறு விஷயங்கள் இருந்தன. கார்புரேட்டர் ஜெட், பிளக் இடைவெளி, கிளட்ச் தட்டு, அடுத்த சுற்று வரை தாங்குமா என்று சொல்ல முடியாத ஹெட் கேஸ்கெட். செங்குன்றத்துக்கு அப்பால், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. போர் முடிந்து விமானங்கள் வராமல் போன பிறகு, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயம் நடத்தியது. தளத்தின் ஓரமெல்லாம் பெயர்ந்த ஜல்லி. முன்னால் போகிறவன் கிளப்பிவிடும் கல் பின்னால் வருகிறவன் முகப்பில்தான் விழும். மாலையில் வரிசையாக வந்து நிற்கும் கார்களின் முன்பக்கம் அம்மைத் தழும்பு விழுந்த முகம் போல இருக்கும். ஓட்டி வந்தவர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகப் பானெட்டைத் திறப்பார்கள்.

என் தாய்மாமாவிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருந்தது. வண்டலூருக்குப் பக்கத்தில், பெருங்களத்தூரில் செய்த கார். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் அங்கே அந்தப் பெயரில் தயாரானது. அதன் உருவத்தை வரைந்தவர் ஜியோவானி மிக்கேலோட்டி என்ற இத்தாலியர். அதே ஹெரால்டின் சேஸியைக் குறுக்கி 1962இல் டிரையம்ப் கம்பெனி ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. ஸ்பிட்ஃபயரைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த மாமா, தன் ஹெரால்டை அதன் உடன்பிறப்பாகவே நடத்தினார்.

ஹெரால்டுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பானெட்டும் இரண்டு பக்க மட்கார்டும் ஒரே துண்டு. இரண்டு பக்கக் கொக்கியையும் விடுவித்துத் தூக்கினால் காரின் முகம் முழுவதும் முன்னோக்கிக் கவிழும். இன்ஜின், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். மாமா முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொள்வார். டேப்பெட் இடைவெளியை அளவுத் தகடு வைத்துப் பார்ப்பார், தகட்டை இழுக்கும்போது லேசாகப் பிடிக்கிறதா என்று விரலில் உணர்வார், கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை இழுப்பார். “டேய், பத்து தவுசண்டை எடு” என்று கை நீட்டுவார். அந்தத் தகடுகளைத் துடைத்து வரிசையாகக் கொடுப்பது என் வேலை. காரை நேசிப்பது என்றால் அதன் உள்ளே கை வைப்பது என்றுதான் அன்று எனக்குப் புரிந்தது.

பந்தயத்தன்று காலையில் இன்னொரு வேலையும் எனக்கு வரும். ஹெட்லைட் கண்ணாடியின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைப் பெருக்கல் குறி போல ஒட்ட வேண்டும், விளிம்பைச் சுற்றியும் ஒரு வளையம் போட வேண்டும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் தேய்த்து, காற்று நிற்காமல் ஒட்டினால்தான் மாமா ஒத்துக்கொள்வார். தன் கண்ணாடியைக் காப்பாற்ற அல்ல அந்த டேப். கல் பட்டு உடைந்தால் சில்லு தளத்தில் சிதறி அடுத்தவன் டயரைக் கிழித்துவிடக் கூடாது என்பதற்காக. அன்றைக்குக் காரின் மேல் நாங்கள் ஒட்டிய ஒரே காப்புப் பொருள் பிறருக்காக ஒட்டியதுதான். இதை நான் பெருமையாகவே நினைவில் வைத்திருக்கிறேன்.

பெயிண்ட் என்பது அந்த உலகத்தில் அடிக்கடி மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்று. புதுப்பேட்டையில் டிங்கர் தட்டி நிமிர்த்துவார், பட்டி போடுவார்கள், வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார்கள், டூகோ அடிப்பார்கள், ரப்பிங் போட்டு மினுக்கிக் கொடுப்பார்கள். ஹெரால்டு வெள்ளையாக இருந்தது, பிறகு சிவப்பானது, ஒரு காலத்தில் சிவப்புக்கு மேல் கறுப்புப் பட்டையும் வந்தது. விற்கும்போது வாங்க வந்தவர் சைலன்சர் புகையைக் கையில் பிடித்து முகர்ந்து பார்த்தார், அடியில் படுத்துச் சேஸியில் துரு இருக்கிறதா என்று ஸ்குரு டிரைவரால் குத்திப் பார்த்தார். ‘கம்பெனி பெயிண்டா’ என்ற கேள்வியே எழவில்லை.

இப்போது என் மகள் ஒரு போர்ஷே 718 கேமன் வாங்கியிருக்கிறாள். இரண்டாம் கை. அதுவும் பல வருஷம் சேர்த்துவைத்து வாங்கியது. சாவி கையில் வந்த வாரமே அவள் என்னிடம் கேட்டது இன்ஜினைப் பற்றி அல்ல. “அப்பா, பிலிம் ஒட்டலாமா? நீங்க என்ன சொல்றீங்க?”

அந்தக் கேள்வியைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. கேமனின் பானெட்டைத் திறந்தால் பெட்டி வைக்கும் பள்ளம்தான். இன்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால், நடுவயிற்றில் இருக்கிறது, மேலிருந்து பார்க்க வழியே இல்லை. பின்பக்க டிக்கியில் ஆயில் ஊற்ற ஒரு மூடி, கூலன்ட் ஊற்ற ஒரு மூடி. ஆயில் அளவு பார்க்கக் குச்சி கிடையாது, டாஷ்போர்டு திரை சொல்வதை நம்ப வேண்டும். முந்நூறு குதிரைத்திறன் தரும் நாலு சிலிண்டர் டர்போ இன்ஜினை அதன் சொந்தக்காரி கண்ணால் கண்டதில்லை. மாமா டயர் மேல் உட்கார்ந்து செலவிட்ட மாலைகளுக்கு இந்தக் காரில் இடமில்லை. தொட்டுப் பார்த்துப் பராமரிக்க அவளுக்கு மிஞ்சியிருப்பது மேல்தோல் ஒன்றுதான். அந்த அக்கறை பெயிண்டின் மேல் போய் நிற்பதில் வியப்பில்லை.

ஆகவே இருவரும் பிலிம் ஒட்டும் கடைக்குப் போனோம்.

பெயிண்டைக் காக்க ஒட்டும், பிபிஎஃப் என்று எல்லோரும் சொல்லும் இந்தப் பொருள் பாலியூரிதேன் வகைப் பிளாஸ்டிக். இதன் பூர்வீகம் வியட்நாம் போர். தாழப் பறந்து இறங்கும் ஹெலிகாப்டர்களின் சுழல் இறக்கைகளை மணலும் கல்லும் அரித்துத் தின்றன. அவற்றின் விளிம்பில் ஒட்ட அமெரிக்காவின் 3எம் கம்பெனி செய்துகொடுத்த படலம் பின்னாளில் பந்தயக் கார்களுக்கு வந்து, பிறகு தெருவில் ஓடும் கார்களுக்கும் வந்தது. அதற்கு முன்பு அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தவர்கள் முகப்புக்குக் கறுப்பு ரெக்ஸின் உறை மாட்டினார்கள். உறைக்கும் பெயிண்டுக்கும் நடுவே புகுந்த மணல், காற்றில் உறை படபடக்கும்போதெல்லாம் பெயிண்டைத் தேய்த்துக் கெடுத்தது. முதல் தலைமுறைப் பிலிமும் வெயிலில் மஞ்சளாகி மானத்தை வாங்கியது. 2010களில்தான் கீறல் தானாக ஆறும் மேல்பூச்சு கொண்ட பிலிம் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது.

கடைக்காரர் இளைஞர், தொழில் தெரிந்தவர். பிலிம் ஒட்டிய ஒரு பழைய பானெட் துண்டை மேஜையில் வைத்து, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் பரபரவென்று தேய்த்தார். வட்ட வட்டமாகக் கீறல் விழுந்தது. கெட்டிலில் இருந்து வெந்நீரை ஊற்றினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடுகள் ஒவ்வொன்றாக அடங்கி, பளபளப்பு திரும்பி வந்தது. நான் பிளேடைக் கேட்டு வாங்கி ஓரத்தில் ஒரு கீறு போட்டேன். “சார், அது ஆறாது. பிலிமையே கிழிச்சுட்டீங்க” என்றார் நேர்மையாக. அந்த ஒரு பதிலுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

கணக்கு இதுதான். தொழிற்சாலையில் அடித்து வரும் பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து நூறு முதல் நூற்றைம்பது மைக்ரான் வரும். அதில் மேலே பளபளக்கும் கிளியர் கோட் நாற்பது, ஐம்பது மைக்ரான். ஒவ்வொரு முறை பாலிஷ் மெஷின் வைக்கும்போதும் அதில் கொஞ்சம் போய்விடும், போனது திரும்பாது. பிலிமோ இருநூறு மைக்ரானுக்குப் பக்கம். அதாவது, காப்பது காக்கப்படுவதைவிடத் தடிமன். கல் வந்து அடிக்கும் வேகத்தை அது வாங்கிக்கொள்கிறது. செராமிக் கோட்டிங் என்று இன்னொன்றை விற்கிறார்களே, அது ஓரிரு மைக்ரான்தான். தண்ணீர் முத்தாக உருளும், கழுவுவது சுலபமாகும். ஆனால் கல்லை நிறுத்தாது. இரண்டையும் ஒன்றாகப் பேசுகிற கடையில் காரை விடாதீர்கள்.

சென்னையில் ஒரு காருக்கு என்னென்ன வரும்? ஸ்ரீபெரும்புதூர் சாலையில் தார்ப்பாய் போடாத எம்-சாண்ட் லாரி. அடுக்குமாடியில் எல்லாக் காரையும் ஒரே துணியால் துடைக்கும் காலை நேரத்துத் தம்பி. போர்வெல் உப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைப் புள்ளி. காக்கை எச்சம். சிக்னலில் உரசும் பைக் கைப்பிடி. பிலிம் முதல் இரண்டுக்கும் நல்ல பதில். உப்புத் தண்ணீரும் எச்சமும் பிலிமின் மேலேயும் கறை போடும், உடனே கழுவத்தான் வேண்டும். பைக் கைப்பிடி அழுத்திக் கீறினால் பிலிமும் கிழியும். நெளிவை அது தடுக்கவே தடுக்காது. வேகத்தடையில் முன் உதட்டின் அடிப்பக்கம் தேய்வதற்கும் அதனிடம் பெரிய மருந்தில்லை.

முழுக்காருக்கும் ஒட்ட இரண்டே முக்கால் லட்சம், ஜிஎஸ்டி தனி என்றார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். மாமாவின் ஹெரால்டு மொத்தமாக எவ்வளவுக்கு விலைபோனது என்பது எனக்குத் தெரியும், அவளுக்குச் சொல்லவில்லை. அந்த ஒப்பீடு அவளுக்கு எந்த வகையிலும் உதவாது. அன்று ஒரு கதவுக்குப் பெயிண்ட் அடிப்பது சின்னச் செலவு. இன்று இந்தக் காரின் மெட்டாலிக் நிறத்தை ஒரு பேனலில் சேர்க்க, பக்கத்துப் பேனல் வரை இழுத்து அடித்தால்தான் நிற வித்தியாசம் தெரியாது. அப்படியே சேர்ந்துவிட்டாலும், அடுத்து வாங்க வருகிறவர் கையில் பெயிண்ட் கேஜோடு வருவார்.

எங்களிடமும் அந்தக் கருவியைக் கடைக்காரர் கொடுத்தார். தீப்பெட்டி அளவுதான். பேனலில் வைத்தால் மைக்ரான் எண் வரும். முன்மூடியில் நூற்றுப்பத்து, நூற்றிருபது. கூரையிலும் அப்படியே. வலது கதவில் வைத்ததும் இருநூற்று அறுபது. முந்தைய சொந்தக்காரர் எங்கேயோ இடித்து, மறுபடி அடித்திருக்கிறார். மகளின் முகம் வாடியது. எனக்கு அது முக்கியமான தகவலாகப் பட்டது. கம்பெனி பெயிண்டின் மேல் ஒட்டிய பிலிமை வருஷங்கள் கழித்துச் சூடுகாட்டி உரித்தால் சுத்தமாக வரும். பட்டறையில் அடித்த பெயிண்ட் சரியாகப் பிடிக்காமல் இருந்தால் பிலிமோடு சேர்ந்து உரிந்து வரும். அந்தக் கதவில் பிலிம் வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தோம்.

என் கருத்தை மகளிடம் தெளிவாகச் சொன்னேன். உறை போட்டு நிறுத்திவைக்கப் போகிற காருக்குப் பிலிம் தேவையே இல்லை. ஓட்டப் போகிறாய் என்றால் கல் விழும் இடத்துக்கு ஒட்டு, மற்ற இடத்தை விட்டுவிடு. ஒவ்வொரு லாரிக்கும் பயந்து பின்வாங்கி ஓட்டினால் இந்தக் காரை வாங்கியதற்கு அர்த்தம் இல்லை. அந்தப் பயத்தைப் போக்க எவ்வளவு பிலிம் வேண்டுமோ அவ்வளவு போதும்.

முன் பம்பர், முன்மூடி முழுவதும், இரண்டு முன் மட்கார்டு, ஹெட்லைட், பக்கக் கண்ணாடி உறைகள், கதவுக்குக் கீழே ஓடும் பட்டை. இவை சரி. நான் பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்னது பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் பகுதி. கேமனின் பின்பக்கம் அகன்று புடைத்திருக்கும், அங்கேதான் இன்ஜினுக்குக் காற்று போகும் வாயும் இருக்கிறது. முன்டயர் எறியும் கல் நேராக அங்கே போய் விழும். போர்ஷே கம்பெனியே 911இன் பின் மட்கார்டில் அந்த இடத்தில் ஒரு சிறு பிலிம் துண்டை ஒட்டித்தான் அனுப்புகிறது. செய்தவர்களே ஒத்துக்கொண்ட இடத்தை நாம் விடக் கூடாது.

இன்னொன்றிலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கார் மேலேயே பிலிமை விரித்துப் பிளேடால் வெட்டுகிற வழக்கம் உண்டு. கை தப்பினால் காப்பாற்ற வந்த பெயிண்டிலேயே கோடு விழும். கம்ப்யூட்டர் அளவு வைத்து மெஷினில் முன்கூட்டியே வெட்டி எடுத்து ஒட்டச் சொன்னோம்.

ஒட்டும் நாளில் பக்கத்திலேயே இருந்தேன். குழந்தைகளுக்கான ஷாம்பு கலந்த தண்ணீரைப் பேனலிலும் பிலிமின் பசைப் பக்கத்திலும் பீய்ச்சினார்கள். பிலிம் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ஒருவர் பம்பர் முனையைப் பிடித்து மெல்ல இழுத்து வளைவுக்குப் பழக்க, இன்னொருவர் ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளினார். விளிம்பை உள்பக்கம் மடித்துச் சூடுகாட்டினார்கள். தள்ளிய பிறகும் கடைசியாகக் கட்டைவிரலால் ஒரு முறை அழுத்தித் தடவிப் பார்த்தான் அந்தப் பையன். அவன் விரலில் நிதானம் இருந்தது. முன்மூடியில் மிளகளவு நீர்க்குமிழிகள் சில நின்றன. சில நாளில் தானாகக் காய்ந்துவிடும், ஒரு வாரம் கழுவாதீர்கள் என்றார்கள். காய்ந்தும்விட்டன.

கிட்டே குனிந்து பார்த்தால் பம்பர் மடிப்பில் விளிம்பு ஒரு முடியளவுக்குத் தெரியத்தான் செய்கிறது. மகளுக்கு அது உறுத்தவில்லை. மொத்தச் செலவு, முழுக்காருக்கும் ஒட்டச் சொன்ன விலையில் பாதியைத் தொடவில்லை. மிச்சத்தை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. 1990இல் சோழவரத்தின் பந்தயங்கள் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டன. அங்கே சொந்தக் காரை ஓட்டிப் பழக டிராக் நாட்கள் நடக்கின்றன, அவள் பெயர் கொடுத்திருக்கிறாள். இப்போது காரில் இருக்கும் டயர்கள் வயதானவை, பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று பழைய சர்வீஸ் புத்தகத்தில் பதிவு இல்லை.

“டயர் முதல்லப்பா. பிரேக் ஆயிலும் அன்னிக்கே மாத்திடலாம். நீங்களும் வாங்க, அடியில லிஃப்ட்ல ஏத்துவாங்க, இன்ஜினைக் கொஞ்சமாவது பார்க்கலாம்.”