ஏழு ரூபாய் ஷேரும் எட்டு மணி எண்ணெய்ச் செய்தியும்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் தொடங்கித் திருச்செங்கோடு, நாமக்கல் வரை வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை இரண்டு விஷயங்களையே சுற்றி வந்தன: சில ரூபாய்க்குக் கிடைக்கும் பங்குகள், கச்சா எண்ணெய்ச் செய்திகள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டவர்களே அதிகம்.

கேள்வி: லட்ச ரூபாய் ஷேரை யார் வாங்குவது? ஏழு ரூபாய் ஷேர் என்றால் ஆயிரம் வாங்கிப் போடலாமே? (ஃபேர்லேண்ட்ஸ், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஒரு பங்கின் விலை மட்டும் தெரிந்தால் போதாது, மொத்தம் எத்தனை பங்குகள் என்றும் தெரிய வேண்டும். சென்னையின் எம்.ஆர்.எஃப். 2023 ஜூன் 13 அன்று ஒரு லட்ச ரூபாயைத் தாண்டிய முதல் இந்தியப் பங்கு ஆனது. அந்த நிறுவனத்தின் மொத்தப் பங்குகளே 42.4 லட்சம்தான். வோடபோன் ஐடியாவில் 10,800 கோடிக்கு மேல் உள்ளன. 2025 ஏப்ரலில் மத்திய அரசே தனக்கு வர வேண்டிய 36,950 கோடி ரூபாய் பாக்கிக்கு ஈடாகத் தலா 10 ரூபாய் விலையில் பங்குகளை எடுத்துக்கொண்டது. ஆசிரியருக்குப் பெருக்கல் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏழு ரூபாய் விலையில் வோடபோன் ஐடியாவின் சந்தை மதிப்பு 75,000 கோடியைத் தாண்டுகிறது. எம்.ஆர்.எஃப். பங்கை ஒன்றரை லட்சம் என்று வைத்தாலும் மதிப்பு 64,000 கோடியை எட்டாது. கடன் சுமையோடு இருக்கும் ஏழு ரூபாய்ப் பங்குதான் இரண்டில் காஸ்ட்லி!

கேள்வி: கச்சா எண்ணெய் ஏறினால் எண்ணெய் கம்பெனி ஷேர் ஏறும். இந்த ஒரே விதியை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாமா? (அம்மாபேட்டை, ஜவுளி வியாபாரி)

பதில்: நூல் விலை ஏறினால் நூல் மில்லுக்கும் தறிக்காரருக்கும் ஒரே மாதிரி லாபமா என்று அம்மாபேட்டையில் யாரும் கேட்க மாட்டார்கள். எண்ணெயிலும் எடுப்பவர் வேறு, காய்ச்சிப் பிரிப்பவர் வேறு, பெட்ரோல் பங்க்கில் விற்பவர் வேறு.

எடுப்பவர் ஓ.என்.ஜி.சி. கச்சா ஏறினால் அவர்களுக்கு வருமானம் ஏற வேண்டும். ஆனால் 2022 ஜூலை 1 அன்று, கச்சா 100 டாலருக்கு மேல் இருந்த நேரத்தில், உள்நாட்டில் எடுக்கும் எண்ணெய்க்கு டன்னுக்கு 23,250 ரூபாய் கூடுதல் வரி போட்டது அரசு. அன்று ஒரே நாளில் ஓ.என்.ஜி.சி. பங்கு சுமார் 13 சதவீதம் சரிந்தது. அந்த வரி நீங்கியது 2024 டிசம்பரில்தான்.

காய்ச்சிப் பிரிப்பவருக்கு நம் ஊர் உதாரணம் மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம். 2020 ஜனவரியில் 60 டாலருக்கு மேல் இருந்த கச்சா, மார்ச் இறுதியில் 25 டாலருக்குக் கீழே போனது. வாங்கும் சரக்கு மலிந்தால் ஆலைக்குக் கொண்டாட்டம்தானே என்று தோன்றும். நடந்தது நேர்மாறு. அதிக விலைக்கு வாங்கித் தொட்டியில் வைத்திருந்த சரக்கின் மதிப்பு கரைந்து, 2019-20 நிதியாண்டில் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் வந்தது. உக்ரைன் போருக்குப் பின் கச்சா விலைக்கும் டீசல் விலைக்கும் இடையிலான இடைவெளி விரிந்தது. 2022-23இல் அதே ஆலை 3,500 கோடிக்கு மேல் லாபம் காட்டியது. 2020 மார்ச்சில் 100 ரூபாய்க்கும் கீழே கிடந்த அதன் பங்கு 2024இல் 1,000 ரூபாயைத் தாண்டியது. பார்க்க வேண்டிய எண் அந்த இடைவெளிதான். டிவியின் அடியில் ஓடும் கச்சா விலையில் அது தெரியாது.

விற்பவர் கதை இன்னும் வேறு. கச்சா உச்சத்தில் இருந்த 2022 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் பெட்ரோல் பங்க்கில் விலையை ஏற்ற முடியாமல் ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் மட்டும் 10,000 கோடி ரூபாய்க்கு மேல் இழந்தது.

கேள்வி: பெயரிலேயே ‘ஆயில்’ இருக்கிற மூன்று ரூபாய் ஷேர் ஒன்றை வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்கள். வாங்கலாமா? (குகை, மளிகைக்கடைக்காரர்)

பதில்: அது கடலை எண்ணெய் ஆட்டும் கம்பெனியா என்று முதலில் பாருங்கள். பெயரை மட்டும் நம்பி வாங்கியதற்கு ஓர் உதாரணம்: 2021 ஏப்ரலில் நாடே ஆக்சிஜனுக்குத் தவித்தபோது பாம்பே ஆக்சிஜன் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பங்கு சில வாரங்களில் இரு மடங்குக்கும் மேல் ஏறியது. அந்த நிறுவனம் 2019லேயே வாயுத் தொழிலை விட்டு முதலீட்டு நிறுவனமாகிவிட்டிருந்தது.

கேள்வி: எண்ணெய்ச் செய்தியை உடனுக்குடன் பார்த்து, அடுத்த நிமிடமே ஷேர் வாங்கினால் முந்திக்கொள்ளலாம் அல்லவா? (நாமக்கல், கல்லூரி மாணவர்)

பதில்: அமெரிக்க அரசின் வாராந்திர எண்ணெய் இருப்புக் கணக்கு பெரும்பாலும் புதன்கிழமைகளில் வெளியாகிறது. நம் கடிகாரத்தில் கோடையில் இரவு 8 மணி, குளிர்காலத்தில் 9 மணி. நம் பங்குச்சந்தை மாலை 3.30க்கே கதவைச் சாத்திவிடும். மறுநாள் காலை 9.15க்குத் திறக்கும்போது, இரவெல்லாம் விழித்திருந்த உலகம் விலையை ஏற்கெனவே மாற்றி வைத்திருக்கும்.

இதன் கொடூரமான உதாரணம் 2020 ஏப்ரல் 20. ஊரடங்கால் மும்பையின் எம்.சி.எக்ஸ். சரக்குச் சந்தை அன்று மாலை 5 மணிக்கே மூடியது. நியூயார்க்கில் மே மாதக் கச்சா ஒப்பந்தம் முடிவு விலை கண்டபோது நமக்கு நள்ளிரவு. விலை மைனஸ் 37.63 டாலர்! எண்ணெய் வைக்க இடமில்லாமல், எடுத்துக்கொண்டு போகிறவருக்குப் பணம் கொடுக்கும் நிலை. அதை அடிப்படையாக வைத்து எம்.சி.எக்ஸ். பேரலுக்கு மைனஸ் 2,884 ரூபாய் என்று கணக்கு முடித்தது. ஒரு லாட் 100 பேரல். வாங்கியவர் போட்ட முழுத்தொகையும் போய், லாட்டுக்கு இன்னும் 2,88,400 ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று. அவர்கள் வெளியேற நினைத்திருந்தாலும் சந்தை திறந்திருக்கவில்லை.

கேள்வி: போர் வந்தால் வாங்கு, இதுவாவது சரியா? (ஆத்தூர்)

பதில்: 2019 செப்டம்பர் 14, சனிக்கிழமை. சவூதியின் அப்கைக் எண்ணெய் நிலையம் தாக்கப்பட்டது. திங்களன்று பிரென்ட் கச்சா ஒரே நாளில் 14 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மாதம் முடிவதற்குள் ஏறியதெல்லாம் ஏறக்குறைய இறங்கிவிட்டது. 2025 ஜூன் 13 அன்று ஈரான்மீது இஸ்ரேல் தாக்கியபோதும் விலை துள்ளியது. ஜூன் 24இல் தாக்குதலுக்கு முந்தைய விலைக்கும் கீழே இருந்தது. செய்தி கேட்டு ஓடிப்போய் வாங்கியவர்களுக்கு இரு முறையும் ஏறிய விலைதான் வாய்த்தது.

கேள்வி: சுஸ்லான் இரண்டு ரூபாயிலிருந்து எண்பதுக்குப் போனதே, அதற்கென்ன சொல்கிறீர்கள்? (ஓமலூர்)

பதில்: போனது, உண்மை. 2008இல் 400 ரூபாய்க்கு மேல் வாங்கியவர்களும் உண்மையான மனிதர்கள்தான். 2020 மார்ச்சில் அந்தக் காற்றாலை நிறுவனத்தின் பங்கு இரண்டு ரூபாய்க்கும் கீழே கிடந்தது. அதை மீட்டதில் எண்ணெய்ச் செய்திக்குப் பங்கில்லை. 2020இல் கடன் சீரமைப்பு, 2022 அக்டோபரில் 5 ரூபாய் விலையில் உரிமைப் பங்கு, 2023 ஆகஸ்டில் நிறுவன முதலீட்டாளர்களிடம் 2,000 கோடி ரூபாய் திரட்டல். இவ்வளவும் பங்குச்சந்தைகளின் இணையதளத்தில் அறிவிப்பாக வந்தவை. படித்துவிட்டுப் பொறுமையாக வாங்க நேரம் இருந்தது.

கேள்வி: அப்பர் சர்க்யூட்டில் ஏறிய ஷேர் இப்போது தினமும் லோயர் சர்க்யூட். விற்கவே முடியவில்லை. என்ன செய்ய? (சூரமங்கலம்)

பதில்: தினமும் காலையில் சந்தை திறக்கும் முன்பே விற்பனை ஆர்டரைப் போட்டு வரிசையில் நிற்பது ஒன்றே வழி. ஒரு நாளைக்கான 5 சதவீத இறக்க எல்லையில் பூட்டிய பங்கை வாங்க ஆள் இல்லையென்றால் விலை இருக்கும், பணம் வராது. சராசரி விலையைக் குறைக்கலாம் என்று மேலும் வாங்கிவிட வேண்டாம். இப்படிச் சிறியவர்கள் வாங்குவது யாருக்கு உதவுகிறது என்பதைச் சாதனா பிராட்காஸ்ட் விவகாரத்தில் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கண்டது. பெரிய குழுமம் ஒன்று அந்த நிறுவனத்தை வாங்கப்போகிறது என்று 2022இல் யூடியூபில் பொய் வீடியோக்கள் ஓடின. சிறு பங்குதாரர்கள் சுமார் 2,000-லிருந்து 55,000-க்கு மேல் பெருகினார்கள். அவர்கள் வாங்கிய நேரத்தில் உள்ளே இருந்தவர்கள் விற்றுவிட்டு வெளியேறினார்கள். செபியின் இடைக்காலத் தடை வந்தது 2023 மார்ச் 2 அன்று. யாராவது பணம் வாங்கிக்கொண்டு உங்களுக்கு டிப்ஸ் கொடுத்திருந்தால், செபியிடம் புகார் செய்யலாம். அந்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு கேஸ் டேங்கர் லாரிகள் ஓடுகின்றன. டீசல் செலவு ஏறினால் ஈடுகட்ட எண்ணெய் கம்பெனி ஷேர் வாங்கி வைக்கலாமா? (நாமக்கல், லாரி உரிமையாளர்)

பதில்: டேங்கருக்கு வாடகை தருவதே எண்ணெய் கம்பெனிகள்தான். 2025 மார்ச் கடைசியில் புதிய ஒப்பந்த நிபந்தனைகளை எதிர்த்துத் தென்மாநில டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும். வாடகையும் பங்கும் ஒரே இடத்தில் சிக்கினால், அங்கே நெருக்கடி வரும்போது இரண்டும் சேர்ந்து அடிபடும். தவிர, பெட்ரோல் பங்க்கில் டீசல் விலை கச்சாவோடு சேர்ந்து அசைவதில்லை. 2022 மார்ச்சில் பிரென்ட் 139 டாலரைத் தொட்டு, 2023இல் 75 டாலருக்கும் கீழே வந்தது. 2022 மே மாத வரிக்குறைப்புக்குப் பிறகு 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் குறையும் வரை பங்க்கில் டீசல் விலை ஏறக்குறைய அப்படியே நின்றது. அந்தப் பணத்தில் டயரையும் இன்ஜினையும் நல்ல நிலையில் வைத்தால் லிட்டருக்குக் கிடைக்கும் கிலோமீட்டர் கூடும். அந்தக் கணக்கு டிரைவரின் டிரிப் ஷீட்டிலேயே தெரிந்துவிடும்.