காயாத கானகம்: ஆண்டுவிழாப் படுதாக்களில் ஈரத்தின் இடம்

பள்ளி ஆண்டுவிழா மேடையில் நடிகர்களின் முதுகுக்குப் பின்னால் தொங்குவதும், அவர்கள் வசனத்தை மறந்தபோதும் கதை எங்கே நடக்கிறது என்பதை மறவாமல் சொல்லிக்கொண்டிருப்பதுமான வரைதுணியைப் படுதா என்றும், பேச்சுவழக்கில் சீன் என்றும் வழங்குவர். தமிழ் மேடைக்குத் திரை புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஒரு பக்கமிருந்து இழுக்கப்படும் ஒருமுக எழினி, இருபுறமிருந்தும் வந்து சேரும் பொருமுக எழினி, மேலிருந்து இறங்கும் கரந்துவரல் எழினி என மூன்றை எடுத்துரைக்கிறது. அரங்கின் நீள அகலங்களைக் கோல் கணக்கில் கூறும் அந்நூல், எழினி காய எத்தனை நாழிகை ஆகும் என்பதைக் கூறாது விட்டது இத்துறைக்குப் பேரிழப்பாகும். இக்கட்டுரை அக்குறையை நிரப்ப முயல்கிறது.

வரைந்த படுதாக்கள் 19ஆம் நூற்றாண்டில் பார்சி நாடகக் கம்பெனிகளைக் கண்டு தமிழ்க் கம்பெனிகள் மேற்கொண்டவை. பின்னாளில் கோவில்பட்டியிலிருந்து நாள்காட்டிப் படங்களால் வீடுதோறும் புகுந்த கொண்டையராஜுவும் நாடகக் கம்பெனிக்குப் படுதா தீட்டியவரே. இத்தாலியக் கட்டடக் கலைஞர் செர்லியோ, 1545இல் வெளியிட்ட நூலில், அவல நாடகத்துக்கு மாளிகைகள், நகை நாடகத்துக்கு எளிய வீடுகள், காட்டுத் தெய்வக் கூத்துக்கு மரங்கள் எனக் காட்சிகளை மூன்றாக வகுத்தார். நம் பள்ளிகளோ அவரைப் படிக்காமலேயே தர்பார், தெரு, காடு என்னும் அதே மூன்றை வந்தடைந்தன. கலைக்கொள்கையைவிடக் காடாத்துணியின் விலையே இதற்குக் காரணம் எனக் கொள்ளல் தகும். கட்டபொம்மனும் அக்பரும் சாலமன் அரசனும் ஒரே தர்பாரில் முறைவைத்துக் குடியிருப்பது இவ்விதியின் விளைவு.

இனி ஈரத்துக்கு வருவோம். படுதாவுக்கான வண்ணமாவது, நிறப்பொடியை வஜ்ரத்தில், அதாவது விலங்குத் தோல் எலும்புகளிலிருந்து காய்ச்சி எடுத்துப் பின் வெந்நீரில் கரைக்கப்படும் பசையில், குழைப்பது. ஈரமாக இருக்கும்வரை அடர்ந்து தோன்றும் இவ்வண்ணம், நீர் வற்றியதும் பொடித்துகள்களின் இடுக்குகளில் காற்று புகுந்து ஒளியைச் சிதறடிப்பதால் வெளுத்துப்போகும். ஆண்டுவிழாக்கள் பெரும்பாலும் தை மாசியில் வருவதும், படுதா முதல்நாள் இரவே தொடங்கப்படுவதும், பனி யாருடைய அனுமதியும் பெறாமல் தாழ்வாரத்தில் இறங்குவதும் ஒன்றுசேர, ஓவிய ஆசிரியர் காணும் நள்ளிரவுக் கானகமும் தலைமை விருந்தினர் காணும் மறுநாள் மாலைக் கானகமும் வெவ்வேறு காடுகள் ஆகின்றன. முன்னதில் புலி உலவும். பின்னது கோடையில் பஞ்சம் பட்டது. காய்ந்தால் எப்படியிருக்கும் என்பதைக் கணித்துத் தீட்டுபவரே தேர்ந்தவர். ஆனால் அவர் தீட்டும்போது பார்ப்பவர்கள் நிறம் அதிகம் என்பார்கள், தலைமையாசிரியர் உட்பட.

பசையின் அளவும் நுண்ணியது. மிகுந்தால் துணி அப்பளம்போல் விறைத்து, சுருட்டும்போது மலைத்தொடர் வெடிக்கும். குறைந்தால் நிறம் தொட்டவரோடு போய்விடும். சிம்மாசனத்திலிருந்து எழும் அரசரின் முதுகில் பாதித் தூண் ஒட்டியிருப்பதைக் கண்டு அவை சிரிப்பது நடிப்பின் குறையன்று, வஜ்ரத்தின் குறை.

இயலுறு தோற்றம் என்பது தூரத்துப் பொருளைச் சிறிதாக்கி ஆழம் காட்டும் முறை. இத்தாலிய அரண்மனை அரங்குகளில் அது கோமகனின் இருக்கையிலிருந்து பார்க்கச் சரியாக வரையப்பட்டது. இங்கே அந்த இடம் முதல்வரிசைச் சோபாவுக்கு உரியது. எனினும் கோட்டையை நோக்கி அரசர் நாலடி பின்வாங்கினால் கொடிமரத்தைவிட உயர்ந்துவிடுவார் என்பதால், தோற்றோடும் காட்சிகளில் மன்னர்கள் பக்கவாட்டிலேயே ஓடுகின்றனர். துணியைத் தரையில் விரித்து அதன்மேல் அமர்ந்தே வரைவதால் வானத்தில் சில வேளை பாதத்தடம் காணப்படும். அது தேவர் வந்து போனதன் குறிப்பு என்பார் தமிழாசிரியர். அது பொருந்தாது, தடம் எட்டாம் வகுப்பு மாணவனின் அளவினது.

விழா முடிந்த படுதா விளையாட்டுச் சாமான் அறையில் கேரம் பலகைகளுக்குப் போர்வையாகி, மறு ஆண்டு வெள்ளைப் பூச்சு ஏற்று மீண்டும் மேடைக்கு வரும். வஜ்ரம் நீர் பட்டதும் இளகும் தன்மையது ஆகையால், புதுத் தூரிகையின் ஈரத்தில் பழைய பச்சை கசிந்து மேலெழ, தர்பாரின் நடுவே, சிம்மாசனத்துக்கு நேர் பின்னால், சென்ற ஆண்டின் ஆலமரம் கிளைவிட்டு நிற்கும். அதை மறைக்கப் பூசும் ஒவ்வொரு பூச்சும் அதை மேலும் தழைக்கவே செய்யும். இந்நிலையில் அனுபவமுள்ள பள்ளிகள் துணியைத் திருத்துவதில்லை. ஒத்திகை பார்த்துவந்த அக்பரைக் கைவிட்டு, சாலையோரம் மரம் நட்ட அசோகரை மேடையேற்றுகின்றன.