ஒரே டிஸ்கில் இரண்டு குடித்தனம்

கோவளத்துக் கோட்டை 1750 இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது சண்டையால் அன்று, இரக்கத்தால். கப்பலில் பாதிப் பேர் நோயில் செத்தார்கள், மிச்சப் பேரையாவது காப்பாற்றக் கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று கெஞ்சி உள்ளே வந்தவர்கள், இரவில் எழுந்து கோட்டையையே பிடித்துக்கொண்டார்கள். 'கொஞ்சம் இடம்' என்ற பேச்சுக்கு அதே வட்டாரத்தில் இன்றும் மயங்குகிறவர் உண்டு. சிறுசேரி சிப்காட்டில் வேலை, கேளம்பாக்கத்தில் பிளாட், ஞாயிறு மாலை கோவளம் கடற்கரையில் காற்று. லேப்டாப் மூடியில் பென்குவின் ஸ்டிக்கர், சாவிக்கொத்தில் பென்டிரைவ். இவரை இரட்டைக் குடித்தனக்காரர் என்போம். விண்டோஸ் குடியிருக்கும் டிஸ்கில் லினக்ஸுக்கும் ஒரு போர்ஷன் ஒதுக்குவது இவருடைய லட்சியம். விண்டோஸை விட முடியாது, ஆபீஸ் எக்செல் இருக்கிறது. லினக்ஸைப் போடாமலும் இருக்க முடியாது, மானம் இருக்கிறது.

இவரைப் பாடாய்ப் படுத்தும் பைல் சிஸ்டம் கோளாறுகளில் பெரும்பாலானவை டிஸ்குக்கு வந்த நோயே அல்ல, இவருடைய அவசரத்துக்கு வந்த காய்ச்சல் என்பது என் கட்சி. சான்று பாருங்கள். லினக்ஸிலிருந்து டி டிரைவைத் திறந்தால், படிக்கலாம், எழுத முடியாது என்கிறது. ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று இவர் துக்கம் காக்கத் தொடங்குகிறார். நடந்தது வேறு. 2012 இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்றொரு வசதி இருக்கிறது. 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது. கெர்னலின் நிலையை ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டுக் கண்ணயரும், என்டிஎப்எஸ் பகுதியின் கணக்கு மூடப்படாமல் கிடக்கும். கணக்கை மூடாமல் தூங்குகிற செட்டியாரின் பேரேட்டில் பக்கத்துக் கடைக்காரர் எழுதலாமா? லினக்ஸ் எழுத மறுப்பது அந்த மரியாதையால்தான். விண்டோஸில் அட்மினாக நுழைந்து 'பவர்சிஎப்ஜி /ஹெச் ஆப்' என்று ஒரு வரி அடித்து, பிறகு 'செக்டிஸ்க்' ஓட்டினால் பெரும்பாலும் தீர்ந்தது. இவரோ லினக்ஸில் 'என்டிஎப்எஸ்பிக்ஸ்' ஓட்டிவிட்டு நிம்மதியாகிறார். அது சில அடிப்படைக் குறைகளைச் சரிசெய்து, அடுத்து விண்டோஸ் எழும்போது சோதிக்கச் சொல்லிக் குறித்துவைக்கும், அவ்வளவுதான். முறிந்த காலுக்குத் திருநீறு.

மறுபக்கமும் இதே கதை. லினக்ஸின் எக்ஸ்ட்4 பகுதியை விண்டோஸுக்குத் தானாகப் படிக்கத் தெரியாது. அதற்கு டிரைவ் எழுத்து ஏதாவது கிடைத்துவிட்டால், 'பார்மட் செய்யட்டுமா?' என்று பணிவாகக் கேட்கும். பணிவாகக் கேட்டால் எதற்கும் தலையாட்டுவது இவர் சுபாவம். கடிகாரத்திலும் தகராறு வரும். மதர்போர்டு நேரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக எழுதும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கும். காலை 10 மணி மீட்டிங்குக்கு விண்டோஸ் 4.30 காட்ட, இவர் பேட்டரி வாங்க ரிச்சி தெருவுக்குக் கிளம்புவார்.

ஷட் டவுன் என்று சொல்லிவிட்டுத் தூங்குவது விண்டோஸின் பித்தலாட்டந்தானே என்பார்கள். பாதி நியாயம். ஆனால் புதுக் குடித்தனம் வைக்குமுன் பழைய குடியின் தூக்கப் பழக்கத்தை விசாரித்திருக்க வேண்டியவர் யார்? இன்னும் வலுவான ஆட்சேபம் உண்டு. 2011 இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸும் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன, பள்ளிப் பிள்ளைகளே கையாளவில்லையா? கையாண்டார்கள், அது என் கட்சிக்கே சாட்சி. அங்கே மூட்டை முடிச்சு வருமுன்பே பாகப்பிரிவினை முடிந்திருந்தது. நம்மவரோ கல்யாண வீடியோ முதல் கிரையப் பத்திர ஸ்கேன் வரை நிரம்பி வழியும் டிஸ்கை, பேக்கப் எடுக்காமல், சார்ஜ் 15 சதவீதத்தில் இருக்கும்போது சுருக்க உட்காருகிறார். வர்ச்சுவல் மெஷின் போதாதா என்றால், வேலைக்குப் போதும். ஆனால் திண்ணையில் படுக்கவைத்த விருந்தாளியைக் காட்டி யாரிடம் பெருமை பேசுவது?

இத்தனை பாடுபட்டுக் குடிவைத்த லினக்ஸ் பக்கம் ஆறு மாதத்தில் இவர் எட்டிப் பார்ப்பதில்லை. இடம் போதவில்லை என்று விண்டோஸிலிருந்தே அந்தப் பகுதியை அழிப்பார். பழைய பயாஸ் கணினியானால், மறுநாள் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்கியூ' மட்டும் நிற்கும். இரண்டுக்கும் கதவு திறந்துவிட்ட பூட்லோடரின் முக்கால்வாசி, அழித்த இடத்தில்தான் இருந்தது. விண்டோஸும் எழாது. 1752 இல் ராபர்ட் கிளைவ் கோவளத்தில் பிரெஞ்சுக்காரரைக் காலி செய்தபோதும் இதுவே நடந்தது. குடி போயிற்று, கூடவே கோட்டையையும் இடித்தார்கள்.