ஒட்டாத கோடுகள்

1998. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்த வருஷம். அதே சாலையில், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் நானும் லெக்சரராக வெளிவந்தேன். இருவருமே புது மாடல். காருக்கு வாரண்டி கொடுத்தார்கள்.

அப்போது எங்கள் மல்டிமீடியா என்பது மூன்று கலர் சாக்பீஸும் ஒரு ஓவர்ஹெட் புரொஜெக்டரும் (ஓஎச்பி). ஷீட்டில் மார்க்கரால் பிஸ்டன் வரைவேன். அந்த விளக்குச் சூட்டிலும் சித்திரை வெயிலிலும் கை வேர்த்து, பிஸ்டன் இருந்த இடத்தில் என் கட்டைவிரல் ரேகைதான் திரையில் பெரிதாகத் தெரியும்.

நுட்பமாக அளக்கும் வெர்னியர் காலிபரை மூன்று வகுப்பு நடத்தியும் யாருக்கும் ஏறவில்லை. கருவி சின்னது, கோடுகள் அதைவிடச் சின்னவை, வகுப்பில் அறுபது பேர். ஐம்பது மடங்கு பெரிதாக மரத்தில் செய்துவிடலாம் என்று சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஆசாரியிடம் போனேன். மெயின் ஸ்கேலில் ஒரு கட்டம் 5 சென்டிமீட்டர்; நகரும் பட்டையில் 4.5.

ஒரு வாரம் கழித்துப் போனால் எல்லாக் கட்டமும் 5.

"கணக்கு உதைச்சுது சார். பத்துக் கட்டம் இங்க 50, அங்க 45. நானே சரி பண்ணிட்டேன்."

"அந்த அஞ்சு சென்டி குறைச்சல்தாண்ணே பாடமே!"

தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக மறுபடி கோடு போட்டார். பட்டையை மெல்லத் தள்ளினார். ஒரு கோடு எதிர்க்கோட்டோடு சேர்ந்தது. இன்னும் தள்ளியதும் அது விலகி அடுத்தது சேர்ந்தது. "அப்ப எத்தனையாவது கோடு ஒட்டுதோ, அத்தனை பத்துல ஒரு பங்கு கூட்டிக்கணும். அவ்வளவுதானே?" அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் எனக்கு மூன்று வகுப்பு போதவில்லை. கூலியை இரண்டு பட்டைக்கும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்.

இப்போது எங்களுக்கு வீடியோ பாடம் எடுக்க ஸ்டூடியோ இருக்கிறது. எங்கள் பக்கத்து நோக்கியா ஆலை 2006இல் திறந்து 2014இல் மூடியே போனது. எங்கள் ஓஎச்பியோ ஸ்டாக் ரிஜிஸ்டரில் இன்னும் உயிரோடிருக்கிறது. பாடம் நடத்துமுன் ஒவ்வொரு பாடத்துக்கும் கே1 முதல் கே6 வரை ப்ளூமின் கற்றல் படிநிலை போட வேண்டும். மாணவன் 'புரிந்துகொள்வான்' என்று எழுதக்கூடாதாம், அதை அளக்க முடியாது. 'விளக்குவான்' என்று எழுதலாம். திரையில் இருக்கும் வரிகளையே வாயாலும் வாசித்தால் படிப்பவருக்கு இடைஞ்சல் என்று அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். நல்ல விஷயம். எங்களுக்குப் பயிற்சி தர வந்தவர் அதைச் சொல்லும் ஸ்லைடை வரி விடாமல் வாசித்துக் காட்டினார்.

எங்கள் வீடியோவில் அனிமேஷன் வெர்னியர் வெள்ளியாய் மின்னுகிறது. வயலின் ஒலிக்கத் தானே நகர்ந்து தானே நிற்கிறது. சேர்ந்த கோட்டைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியும் விடுகிறது. பையன் கண்ணைச் சுருக்கித் தேட வேண்டிய கோடு அது. அதையும் பையன்கள் இரட்டை வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

ஒரகடத்து ஆலையில் வேலை பார்க்கும் பழைய மாணவன் சொன்னான்: "அங்க டிஜிட்டல் சார், பட்டனை அமுக்கினா நம்பர் வந்துடும். வெர்னியரை இன்டர்வியூவுல மட்டும்தான் கேட்டாங்க."

மர வெர்னியர் இப்போது ஸ்டூடியோ கதவுக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. போன வாரம் லைட்டை நகர்த்தும்போது கேமராக்காரத் தம்பி அதை எடுத்துத் தூசி தட்டினார். "என்ன சார் இது, கோடு ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே மாட்டேங்குது?"

பட்டையை அவர் கையிலேயே கொடுத்துத் தள்ளச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் 3.7 என்று அவரே வாசித்தார். "சூப்பர் சார்! ஆனா ரெக்கார்ட் பண்ணலையே. மறுபடி சொல்றீங்களா?"

மைக்கை மாட்டிக்கொண்டு மறுபடி சொன்னேன். இந்த முறை அவர் பட்டையைப் பார்க்கவில்லை. என் நெற்றியில் லைட் அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.