தட்டிச் சரிசெய்தல்: ஒரு சிற்றாய்வு

ஓடாத மின்கருவியைத் தட்டி ஓடவைப்பது நம் வீடுகளில் மூன்று தலைமுறையாக நடந்துவரும் வைத்தியம். தகுதியுள்ள அறிஞர்கள் எவரும் இதில் கைவைக்காததால் நாம் வைக்கிறோம்.

தாத்தா காலத்து வால்வு ரேடியோவிலிருந்து தொடங்குவதே முறை. வால்வுகள் சாக்கெட்டில் செருகி நிற்பவை. தினமும் சூடேறி ஆறுவதில் பின்கள் நெகிழும். இடையில் தூசியும் களிம்பும் சேரும். மாநிலச் செய்தி பாதியில் நின்றுபோகும். பெட்டியின் விலாவில் உள்ளங்கையால் ஒன்று வைத்தால் பின் சற்றே நகரும், உலோகம் உலோகத்தைத் தொடும், அமைச்சர் விட்ட இடத்திலிருந்து பேசுவார். எனவே தட்டுவது மூடநம்பிக்கை அன்று. மெக்கானிக்கும் ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ஒவ்வொரு பாகமாகத் தட்டித்தான் பார்க்கிறார். எங்கே கரகரக்கிறதோ அங்கே ஈயம் வைத்து, 'லூஸ் கான்டாக்ட் சார்' என்று காசு வாங்குகிறார். நாம் வாங்குவதில்லை.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. பிறகு இக்கலைக்குப் பொற்காலம். சாலிடேர், டயனோரா என்று நம்மூர்ப் பெட்டிகள். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் பாதித் தெரு கூடத்தில் உட்கார்ந்திருக்கும். படம் சுருண்டுகொண்டால் தட்டும் உரிமை வீட்டுக்காரருக்கு மட்டுமே உண்டு. "லேசா சார், இடப்பக்கமா" என்று யோசனை சொல்லலாம். எழுந்து வந்து கைவைத்தால் அடுத்த வாரம் வாசற்கதவு சாத்தியிருக்கும். இக்காலத்தில் தட்டுவோர் வடகலை, தென்கலை போல இரண்டாகப் பிரிந்தனர். உச்சியில் தட்டுவோர் தலைத்தட்டார். விலாவில் தட்டுவோர் பக்கத்தட்டார். சால்டர் விட்டுப்போன இடம் பெட்டிக்குப் பெட்டி மாறும் என்பதால் இரு சாராரும் அவரவர் வீட்டில் சரி. (மொட்டைமாடியில் ஆன்டெனா திருப்பியவர்களின் வரலாறு தனி நூலுக்குரியது. அவர்கள் படம் பார்த்ததே இல்லை.)

அடுத்து ரிமோட். இதில் தட்டு நுட்பமடைகிறது. பின்மூடி தொலைந்து, ரப்பர் பேண்டு போட்டு, பாலித்தீன் உறைக்குள் கிடக்கும் ரிமோட்டை முதலில் உள்ளங்கையில் இருமுறை தட்ட வேண்டும். பிறகு பேட்டரிகளைக் கட்டைவிரலால் உருட்ட வேண்டும். முனையில் படிந்த களிம்பு கொஞ்சம் தேய்ந்து, ஸ்பிரிங் மீண்டும் பிடித்துக்கொள்ளும். அதற்கும் மசியாவிட்டால் வெயிலில் வைப்பது அம்மாக்களின் மரபு. வடகத்தோடு சேர்த்து வைத்தாலும் தவறில்லை. சூட்டில் பேட்டரிக்குள் வேதிவினை சற்று விரைவுபடும். ஒரு சீரியல் முடியும்வரை தாங்கும்.

இந்த மரபு முறிந்த இடம் செல்போன். பழைய பட்டன் போனில்கூட பேட்டரியைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, திரும்பப் போட இடம் இருந்தது. ஸ்மார்ட்போனில் மூடியே திறக்காது. உள்ளே பெரும்பாலும் நகரும் பாகம் இல்லை. நோய் கம்பியில் இல்லாமல் புரோகிராமில் இருந்தால் அடிக்கு அது அசையுமா? தொடையில் நாலு தட்டு தட்டும் தாத்தாவிடம் பேத்தி, "அடிக்காதீங்க தாத்தா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்கிறாள். அணைத்துப் போட்டால் நினைவகத்தில் சிக்கியது கலைந்து, எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. ஏன் சிக்கியது என்று பேத்திக்கும் தெரியாது, தாத்தாவுக்கும் தெரியாது. அறிவு வளர்ந்ததாக இதில் சான்றில்லை. கை மட்டும் ஓய்வு பெற்றிருக்கிறது.

பிக்சர் டியூப் டிவி இன்னும் பரணில் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை: வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் தட்டுங்கள், பின்மூடியைக் கழற்றிவிட்டுக் கைவைக்காதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் அந்த டியூப்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.