உருகும் சரக்குக்கு ஓர் அனுமதி விண்ணப்பம்

பெறுநர்: துறைமுக நகரங்களில் உரிமமும் தடையின்மைச் சான்றும் வழங்கும் மேன்மைமிகு அலுவலகம்.

பொருள்: சென்னை ஐஸ் ஹவுஸ் – கோப்பின் வேகம் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் வட்டக் கட்டடம், பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடரின் நிறுவனம் 1842இல் பனிக்கட்டியைச் சேமிக்க எழுப்பிய கிடங்கு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அவ்வணிகம் சில பத்தாண்டுகள் தழைத்ததற்குத் தங்கள் அலுவலகம் அன்று இல்லாததே காரணம் என்பதை இக்கடிதம் பணிவுடன் நிறுவ முற்படுகிறது.

நியூ இங்கிலாந்தின் உறைந்த ஏரிகளில் குதிரை இழுக்கும் கருவிகளால் அறுக்கப்பட்ட பாளங்கள், மரவாடிகளில் வீணாகக் கிடந்த மரத்தூளால் பொதியப்பட்டுக் கப்பலேறின. 1833இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட முதல் சரக்கு சுமார் 180 டன். நான்கு மாதப் பயணத்துக்குப் பின் எஞ்சியது சுமார் 100 டன். அங்கிருந்த சுங்க அதிகாரிகள் குறைந்த எடைக்கு விளக்கம் கேட்காமல், தீர்வையைத் தள்ளுபடி செய்ததோடு, வெயில் தாழ்ந்த இரவில் சரக்கை இறக்கவும் இசைந்தனர். அந்நாளில் துறைமுகமே இல்லாத சென்னையிலோ, கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரமிட, பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே சரக்கை அலை கடந்து கரைசேர்த்தன.

இதே சரக்கு இன்று தங்கள் மேசைக்கு வந்திருப்பின், மாதிரிப் பாளம் ஒன்று மூன்று நகல்களுடன் கேட்கப்பட்டிருக்கும். அது நீரானதும், விண்ணப்பித்த பொருளும் சமர்ப்பித்த பொருளும் வேறு என்று குறிப்பு எழுதப்பட்டிருக்கும். காணாமற்போன 80 டன்னுக்குத் தணிக்கைப் பிரிவு பொறுப்பாளரைத் தேடிக்கொண்டிருக்கும்.

அவ்வணிகத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது எந்த அலுவலகமும் அன்று; உள்ளூரிலேயே பனிக்கட்டி தயாரித்த இயந்திரம்தான். கைமாறிய கிடங்கைச் சன்னல்கள் திறந்து வீடாக்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் விருந்தினராக 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்குத் தங்கினார். பின்னாளில் சகோதரி சுப்புலட்சுமியின் முயற்சியால் இளம் விதவைகளின் விடுதியாகவும் அது விளங்கியது. வெயிலை உள்ளே விடாதிருக்கக் கட்டிய சுவரில் சன்னல் திறக்க இன்று எத்தனை தடையின்மைச் சான்றுகள் வேண்டியிருக்கும் என்பதைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆகவே, இனி ஒவ்வொரு கோப்பின்மீதும் ஒரு பனிக்கட்டிப் பாளம் வைக்கப்பட்டு, அது உருகி முடிவதற்குள் கையொப்பம் இடப்பட வேண்டும் என ஆணை பிறப்பிக்குமாறு வேண்டப்படுகிறது. பாளம் உருகாமலிருக்கக் குளிர்பதன அறை அமைக்கத் தாங்கள் உடனடியாக ஒப்பந்தப்புள்ளி கோருவீர்கள் என்பது எதிர்பார்க்கப்பட்டே இருப்பதால், அவ்வறைக்கு மின் இணைப்பு வழங்கும் அனுமதியும் தங்கள் அலுவலகத்தின் வழியாகவே வரவேண்டும் என்று கூடுதலாகக் கோரப்படுகிறது.

இப்படிக்கு,
வரிசையில் நிற்கும் பொதுமக்கள்